பிஸ்வாஸின் வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்த நாவலாசிரியர்கள் நம்மிடையே ஏராளம். வீட்டைக் கட்டிப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் நாவல்களில் வீடுகளுக்குக் குறைவில்லை. திண்ணை இருக்கிறது, முற்றம் இருக்கிறது, கொல்லைக் கிணற்றடி இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்துக்கு முன்பே யாரோ ஒரு தாத்தா அவற்றைக் கட்டி முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறார். பேரன்மார் அந்த வீட்டில் பிறக்கிறார்கள், பாகம் பிரிக்கிறார்கள், கடனுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். கைமரம் என்ன விலைக்கு வந்தது, ஆசாரி எத்தனை நாள் வராமல் ஏமாற்றினார் என்பதெல்லாம் இலக்கியத்துக்கு அடுக்காத விஷயம் என்று நமக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பதை எனக்குக் காட்டிய புத்தகம், வி. எஸ். நைபால் 1961இல் வெளியிட்ட ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’. நைபாலுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது, 2018இல் காலமானார். பரிசு பெற்றவர் என்பதற்காக இந்த நாவலைப் படிக்கவேண்டியதில்லை. ஒரு ஏழை மனிதன் வீடு கட்டுவதை, வானம் தோண்டுவதிலிருந்து கதவு மாட்டுவது வரையில், கூட இருந்து பார்த்ததுபோல எழுதியிருக்கிறார் என்பதற்காகப் படிக்கலாம்.

கதை நடக்கும் இடம் டிரினிடாட் தீவு. 1845 முதல் 1917 வரையில் கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாகப் போன வடநாட்டார். சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அப்படிப் போனவர்களின் வம்சத்தில், கிராமத்து மண் குடிசை ஒன்றில் பிறந்தவர் மோஹுன் பிஸ்வாஸ். துளசி குடும்பம் என்கிற பெரிய குடும்பத்தில் மாப்பிள்ளையாகச் சிக்கிக்கொள்கிறார். அந்தக் குடும்பத்தின் ‘ஹனுமான் வீடு’ கெட்டிச் சுவரும் வெள்ளைப் பூச்சுமாக ஒரு கோட்டை. உள்ளே மாமியார், மைத்துனிகள், அவர்களுடைய புருஷன்மார், எண்ணி முடியாத குழந்தைகள். சோறு உண்டு, மானம் கிடையாது. நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று பிஸ்வாஸுக்குத் தோன்றுகிறது. சாகும்வரையில் அந்த ஆசை அவரை விடவில்லை. நாற்பத்தாறு வயதில் செத்துப்போகிறார். இவ்வளவுதான் கதை. இதையும் ஆசிரியர் ஒளித்து வைக்கவில்லை. முதல் வாக்கியத்திலேயே மரணத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த சில பக்கங்களுக்குள் வீட்டையும் அதன் கடனையும் காட்டிவிடுகிறார்.

புத்தகத்தைப் படித்தவர்கள் பலர், வீடு என்பது ஒரு குறியீடு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேரற்றவனின் வேர், அடிமைப்பட்டவனின் சுதந்திரம் என்றெல்லாம் சொல்லுகிறார்கள். தமிழ் விமரிசகர் ஒருவர் கையில் கிடைத்தால் இன்னும் ஆபத்து. அறம், பொருள், இன்பம், வீடு என்று ஆரம்பித்துப் பிஸ்வாஸை மோட்சத்துக்கே அனுப்பிவிடுவார். இவை பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்த நாவலின் பலம் அங்கே இல்லை. பலகையிலும் ஆணியிலும் தகரத்திலும் இருக்கிறது.

கிரீன்வேல் என்ற தோட்டத்தில் பிஸ்வாஸுக்கு ஒரு கண்காணிப்பு வேலை கிடைக்கிறது. இருக்க இடம் தோட்டத்து லயம். ஒரே நீள அறையைப் பன்னிரண்டாகத் தடுத்துப் பன்னிரண்டு குடும்பங்களைக் குடிவைத்திருக்கிறார்கள். அங்கே படுத்துக்கொண்டு அவர் தம் வீட்டை மனசுக்குள் கட்டுகிறார். மண் சுவர் கூடாது, மரச்சுவர்தான். பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று கவ்வினாற்போல இருக்கவேண்டும். உயரமான கான்கிரீட் தூண்கள் மேல் வீடு நிற்கவேண்டும். பின்னால் காசு வந்தால் கீழேயும் அடைத்துக்கொள்ளலாம் அல்லவா? சின்ன வராந்தா, வர்ணக் கண்ணாடி வைத்த கதவு, சின்னக் கூடம், இரண்டு படுக்கையறை. சமையல்கட்டு முற்றத்தில் தனியாக, மழையில் நனையாமல் போய்வர மேலே கூரையுடன். தகரக் கூரைக்குச் சிவப்பு வர்ணம், ஜன்னலுக்கு வெள்ளை. இந்த ஜாபிதாவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனை வாங்குவதற்கு முன்பே கோடு போட்ட காகிதத்தில் பூஜை அறைக்கு இடம் குறித்துவைத்தவன் நான்.

கையில் இருப்பது நூறு டாலர். அதை வைத்துக்கொண்டு ஜார்ஜ் மக்லீன் என்கிற நீக்ரோ தச்சரைத் தேடிப் போகிறார். இருவரும் பேசும் அந்தக் கட்டம் புத்தகத்திலேயே உயர்ந்த கட்டங்களில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். வந்தவரிடம் பணம் இல்லை என்பது மக்லீனுக்குப் பார்த்தவுடன் தெரிந்துபோகிறது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. தச்சருக்கு வேலை இல்லை என்பது பிஸ்வாஸுக்கும் தெரிகிறது. அவரும் காட்டிக்கொள்வதில்லை. பெரிய வீடு கட்டப்போகிற கனவானும் கைநிறைய வேலை வைத்திருக்கும் மேஸ்திரியும் பேசிக்கொள்வதுபோல இருவரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் வீடு கொஞ்சம் இளைக்கிறது. இதை இப்போது வேண்டாம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதுதான் நல்லது என்று இருவரும் சேர்ந்தே அதைக் குறைக்கிறார்கள். நம் ஊரிலும் கொத்தனாருக்கு முன்னால் உட்கார்ந்து இப்படிப் பேசாதவர் யார்? ஏழைகள் இருவர் ஒருவர் மானத்தை மற்றவர் காப்பாற்றும் நயத்தை இவ்வளவு அடக்கமாக எழுதிய இன்னொரு பக்கம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

நாவலின் ஆரம்பத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. தொட்டிலில் கிடக்கும் சிசுவையும் ஆசிரியர் ‘மிஸ்டர் பிஸ்வாஸ்’ என்றே சொல்லுகிறார். தமிழில், நேற்றுப் பிறந்த குழந்தையை ‘அவர் அழுதார்’ என்று எழுதினால் எப்படி இருக்கும்! முதல் நூறு பக்கங்களில் இந்தப் பரிகாசம் சற்று மிஞ்சிப்போகிறது என்றே எனக்குப் படுகிறது. கதாநாயகனின் வயிற்றுக்கோளாறையும் தொங்கும் கன்றுச்சதையையும் எத்தனை தடவை கேட்பது? ஆனால் மக்லீனின் சுத்தியல் சத்தம் கேட்ட நிமிஷத்தில் பரிகாசம் நின்றுபோகிறது. அதற்கு அப்புறம் ‘மிஸ்டர்’ என்பது நிஜ மரியாதையாகவே காதில் விழுகிறது.

உள்ளூர்க் காட்டு மரத்தில் சட்டம் நிமிர்கிறது. மரத்தால் வீடு கட்டும் ஊர்களில் இது ஒரு தனிக் கட்டம். நமக்குச் செங்கல் வரிசை வரிசையாக மெதுவாக ஏறும். வீடு எப்போது வீடானது என்று சொல்லமுடியாது. அங்கே நாலைந்து நாளில் தூணும் உத்தரமும் கைமரமும் ஆகாயத்தில் வீட்டின் உருவத்தை வரைந்துவிடும். பார்ப்பவனுக்குப் பாதி முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பணம் பிடுங்கும் பாதி அதற்கு மேல்தான் ஆரம்பமாகிறது: தளம், சுவர், கூரை, கதவு. பிஸ்வாஸின் வீடு சட்டத்தோடு நின்றுவிடுகிறது. புதுமரத்தின் நிறம் போய், வெயிலிலும் மழையிலும் சாம்பல் பூக்கிறது. அவர் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்தவனைவிட, கைமரம் ஏற்றிவிட்டுக் கையில் காசில்லாமல் நிற்பவனைத்தான் வீடு பைத்தியமாக அடிக்கும் என்று நைபாலுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு எப்படியோ பழைய தகரம் கிடைக்கிறது. அதில் ஓட்டைகள். ஓட்டைகளைத் தாரால் அடைக்கிறார்கள். ஒரே ஓர் அறைக்குத் தளமும் சுவரும் போட்டாகிறது. பிஸ்வாஸ் அதில் குடியேறுகிறார். பகல் வெயிலில் தகரம் கொதிக்கிறது. தார் இளகி ஓட்டை வழியே நீளமாகத் தொங்குகிறது. படுக்கையில் மல்லாந்து பார்க்கும் பிஸ்வாஸுக்கு அவை கறுப்புப் பாம்புகள். எந்த இரவில் எது மேலே விழுமோ என்று தூக்கம் போகிறது, புத்தி தடுமாறுகிறது. ஆனந்த் என்ற சிறு மகன் மட்டும் கூட இருக்கிறான். புயல் வருகிறது. கூரை பறக்கிறது. தகப்பனையும் பிள்ளையையும் ஹனுமான் வீட்டுக்கே திரும்ப அழைத்துப் போகிறார்கள். மிச்சமிருந்ததைத் தோட்டத்துக் கூலிகள் கொளுத்திவிடுகிறார்கள்.

மனப்பிராந்தியை எழுதுவதற்கு நம்மவர்கள் பக்கம் பக்கமாகச் சிந்தனை ஓட்டத்தைக் கொட்டுகிறார்கள். நானும் கொட்டியிருக்கிறேன். நைபாலுக்கு மலிவுத் தகரமும் ஒரு டின் தாரும் போதுமானதாக இருக்கின்றன. பயம் எங்கே இருந்து வந்தது என்று கேட்டால், நல்ல தகரம் வாங்கக் காசில்லாததால் வந்தது என்று பதில் சொல்லலாம். இந்த மாதிரிப் பதில் சொல்ல முடிகிற நாவல்கள் குறைவு.

இடையில் ஷார்ட்ஹில்ஸ் என்ற இடத்தில் இன்னொரு வீடு கட்டுகிறார். அந்தப் பகுதியில் எனக்கு அலுப்புத் தட்டியது. மனிதர்கள் கூட்டமாக வருகிறார்கள், போகிறார்கள். வீட்டைக் கட்டியதாகச் செய்தி கிடைக்கிறதே தவிர, ஆணி அடிக்கும் ஓசை கேட்கவில்லை. ஆசிரியருக்கே அந்த வீட்டில் சிரத்தை இல்லையோ என்னவோ.

கடைசி வீடு, போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் சிக்கிம் தெருவில் இருக்கிறது. இது கட்டியதல்ல, வாங்கியது. விற்றவன் ஒரு வக்கீல் குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் வீடு எழுப்பி விற்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. பிஸ்வாஸ் அதைப் பார்க்கப் போனது மழை பெய்யும் சாயங்காலத்தில். உள்ளே மெருகேறிய தரை, திரைச்சீலை, மெத்தென்ற வெளிச்சம். துளசி குடும்பத்தோடு சண்டை போட்டுவிட்டு வந்த மனிதனுக்கு வேறு என்ன வேண்டும்? 5,500 டாலருக்குப் பேசி முடித்துவிடுகிறார். குடிவந்த பிறகுதான் கண் திறக்கிறது. கட்டி முடித்த பிறகு ஞாபகம் வந்து மாட்டியதைப்போல மாடிப்படி வீட்டின் முதுகில் தொங்குகிறது. அதைத் தாங்கும் மரத்தூண்கள் அடியில் உளுத்திருக்கின்றன. சாத்தினால் சாத்திக்கொள்ளாத கதவுகள் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் பின்கதவே கிடையாது. பிற்பகல் வெயில் நேரே உள்ளே வந்து காய்ச்சுகிறது.

நாவல் என்ன சொல்லுகிறது என்பது இந்த இரண்டு வீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புரிந்தது. கிரீன்வேல் வீட்டில் எந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்று பிஸ்வாஸுக்குத் தெரியும். அதில் பொய் இல்லை. முடிக்கப் பணமும் இல்லை. அது அவரைக் கொல்லப் பார்த்தது. சிக்கிம் தெரு வீடு மேற்பூச்சு மாத்திரம். உள்ளே என்ன இருக்கிறது என்பது கட்டியவனுக்கே தெரியாது. அதில்தான் அவர் வாழ்ந்தார். மனசாரக் கட்டியது நிற்கும், ஏமாற்றிக் கட்டியது விழும் என்று நீதி சொல்லும் நாவலாசிரியனாக இருந்தால் இதைத் தலைகீழாக எழுதியிருப்பான்.

அங்கே துளசி வீட்டின் இன்னொரு மாப்பிள்ளை டட்டில் குடும்பத்தோடு வருகிற ஓர் இடம் இருக்கிறது. எந்தத் திரையும் மெருகும் பிஸ்வாஸை ஏமாற்றினவோ, அவற்றைக் கொண்டே பிஸ்வாஸ் குடும்பம் வந்தவர்களை ஏமாற்றிவிடுகிறது. நாற்காலி எங்கே போட்டால் எது மறையும் என்று அவர்களுக்கு அதற்குள் அத்துபடி. அந்த நிமிஷத்தில்தான் அது அவர்கள் வீடாகிறது.

எங்கள் வீட்டு மாடிப்படியில் முதல் படி மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை உயரம். கொத்தனாரிடம் கேட்டதற்கு, பூச்சில் சரியாகிவிடும் என்றார், ஆகவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அங்கே தடுக்குகிறார்கள். வீட்டில் இருக்கிற எங்கள் கால் மட்டும் இருட்டில்கூடத் தடுக்குவதில்லை. முதல் ஆறு மாசம் அந்தப் படியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறெரிந்தேன். இப்போது விருந்தினர் யாராவது தடுக்காமல் ஏறிவிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பிஸ்வாஸின் அச்சு, ஆசிரியரின் தகப்பனார் சீபர்சாத் நைபால். 1906இல் பிறந்தவர், பத்திரிகை நிருபர், கதைகளும் எழுதியவர். 1953இல் இறந்துபோனார். குடும்பம் 1946இல் குடிபோன வீடு போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நேபால் தெருவில் இருக்கிறது. பெற்ற தகப்பனை இப்படிக் கேலிக்கு இடமாக்கலாமா என்று ஒரு நண்பர் என்னிடம் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம்தான் என்று முதல் பாகத்தைப் படித்தபோது நானும் நினைத்தேன். ஆனால் தகப்பன் வாங்கிய வீட்டின் கோளாறுகளை ஒன்று விடாமல் எழுதிவைக்க, அதற்குள் வளர்ந்த பிள்ளையால்தான் முடியும். துவேஷம் உள்ளவன் இரண்டு கோளாறு சொல்லிவிட்டு மேலே போய்விடுவான். எந்தக் கதவு சாத்தாது என்று ஞாபகம் வைத்திருக்கமாட்டான்.

கடைசிப் பக்கத்தில் தகனம் முடிகிறது. மைத்துனிகள் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போகிறார்கள். மனைவி ஷாமாவும் குழந்தைகளும் காரில் ஏறிச் சிக்கிம் தெருவுக்குத் திரும்புகிறார்கள். கடன் இன்னும் மூவாயிரம் டாலர் நிற்கிறது. நூற்றுக்கு எட்டு வட்டி, மாசம் இருபது டாலர். மனைக்கு வாடகை பத்து டாலர் தனி.