கூர்மையான ஒளியும் முரட்டுத் தூண்டலும்

நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கே ஃபெம்டோநொடி. மூலக்கூறுக்குள் அணுக்கள் இடம்பெயர்வது இந்தக் கால அளவில்தான். அதைக் காண உதவுவது பம்ப்-புரோப் முறை. முதல் லேசர் துடிப்பு மாதிரியைத் தூண்டும். குறித்த இடைவெளிக்குப் பின் வரும் துடிப்பு அதன் நிலையைப் பதிவுசெய்யும். இடைவெளியை மாற்றி மாற்றி எடுத்த பதிவுகளைக் கோத்தால் வினையின் போக்கு புலப்படும். 2009-இல் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் எல்சிஎல்எஸ் இயங்கத் தொடங்கியதும், பதிவுசெய்யும் வேலைக்குக் கட்டற்ற எலக்ட்ரான் லேசரின் எக்ஸ்-கதிர் கிடைத்தது.

அதன் வலிமையில் ஐயமில்லை. வழக்கமான எக்ஸ்-கதிர் மூலமான சின்க்ரோட்ரானின் துடிப்பு ஏறக்குறைய நூறு பிகோநொடி, அதாவது லட்சம் ஃபெம்டோநொடி, நீளும். இதுவோ சில பத்து ஃபெம்டோநொடிக்குள் சுமார் லட்சம் கோடி ஃபோட்டான்களைப் பாய்ச்சுகிறது. கதிர்வீச்சு மாதிரிப் படிகத்தைச் சிதைக்கும் முன்பே விளிம்பு விளைவுப் படம் பதிவாகிவிடுகிறது. ஒளியுணர் மஞ்சள் புரதத்தின் நிறமி, ஒளி பட்டதும் வடிவம் மாறுவதை 2016-இல் இம்முறையே அணுவளவில் காட்டியது.

குறைகளுள் ஒன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பெரும்பாலான நிலையங்களில் கதிர் எலக்ட்ரான் கற்றையின் இரைச்சலிலிருந்தே வளர்வதால், துடிப்புக்குத் துடிப்பு ஆற்றலும் நிறமாலையும் மாறும். வந்துசேரும் நேரமும் பிசகும். இப்போது ஒவ்வொரு துடிப்பின் வருகையையும் அளந்து, தரவைப் பின்னர் வரிசைப்படுத்திக்கொள்கிறார்கள்.

தீராத சிக்கல் தூண்டும் லேசரில் இருக்கிறது. இயற்கையில் ஒரு நிறமி ஒரு ஃபோட்டானை ஏற்றே வினைபுரிகிறது. சோதனையிலோ, தெளிவான சமிக்ஞை வேண்டிப் பல ஃபோட்டான்கள் திணிக்கப்படுகின்றன. கார்பன் மோனாக்சைடு பிணைந்த மயோகுளோபின் புரதத்தைப் பற்றி 2024-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு, தூண்டலின் செறிவு மாறினால் புரதம் அசையும் விதமும் மாறுவதைக் காட்டியது. அப்படியானால் முந்தைய பல படங்கள் உயிரின் இயல்பைக் காட்டினவா, லேசரின் பலவந்தத்தையா என்று கேட்டே ஆகவேண்டும்.

இந்த மிகைத் தூண்டலை ஆய்வாளரின் கவனக்குறைவு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. உலகில் இத்தகைய எக்ஸ்-கதிர் நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. போட்டியிட்டு ஒரு குழு பெறுவது சில நாட்களே. எல்சிஎல்எஸ் தன் முதல் வடிவில் தந்தது நொடிக்கு அதிகபட்சம் 120 துடிப்புகள். அவ்வளவு குறைந்த துடிப்புகளில் மெல்லிய தூண்டலின் மங்கிய சமிக்ஞையைத் திரட்டப் பொறுமை இருந்தாலும் நேரம் இராது.

2017-இல் ஹாம்பர்க் அருகே இயங்கத் தொடங்கிய ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் நிலையம் நொடிக்கு 27,000 துடிப்புகள் வரை தரவல்லது. 2023-இல் ஒளிர்ந்த எல்சிஎல்எஸ்-2 பத்து லட்சத்தை இலக்காகக் கொண்டது. மாதிரி ஊட்டலும் உணரிகளும் ஈடுகொடுத்தால், இந்த வேகத்தை மென்மையாகத் தூண்டுவதற்குச் செலவிடலாம். தூண்டல் செறிவைப் படிப்படியாக மாற்றிச் சோதித்த அளவீடு ஒவ்வொரு முடிவுடனும் இடம்பெற வேண்டும். நிலையங்களும் அதற்கான நேரத்தைச் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.