ஏக்கர்க் கணக்கும் பற்றுக் கணக்கும்

தோட்டத் துண்டாடலால் வேலையும் லயன் வீடும் ஒருங்கே இழக்கும் நிலையிலிருந்த தொழிலாளருக்காக, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவரே பங்குதாரரானார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம், சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. இதனைப் புகழாதார் யார்? நாமும் புகழ்கிறோம். ஆயினும், வாங்கிய ஏக்கரை எண்ணிக் காட்டுவது மதிப்பீடு ஆகாது. உறுப்பினர் பல தோட்டங்களிற் சிதறி வாழ்ந்தனர். செபராங் பிறையில் ஒருவர் குடியிருந்த தோட்டம் விலைபோனால், வேறொரு தோட்டத்திலுள்ள அவர் பங்கு அவருக்குக் கூரையாகுமா? பங்காதாயம் ஆண்டுக்கொரு முறை. பசியோ மழையால் மரம் வெட்டாத நாளெல்லாம். நிலம் கைம்மாறியது மெய். கூலி வாழ்வு மாறியதா என்பதே வினா. அதற்கு விடை காண, சங்கத்தின் ஆண்டறிக்கையோடு தோட்டத்து மளிகைக் கடையின் பற்று ஏட்டையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வேண்டும்.