பொம்மையின் கழுத்தைப் படிக்கும் லென்ஸ்

பழைய பார்பி பொம்மைகளைச் சேர்ப்பவர்களுக்கு முதல் தலைவலி, எது எந்த முக அச்சு என்பதுதான். இதற்கு உதவுமா என்று பார்க்க இரண்டு கருவிகளை எம்.கே.பி. நகர் வீட்டு மேசையில் வைத்துச் சோதித்தேன். ஒன்று, போன் கேமராவில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ். மற்றொன்று, படம் காட்டினால் பெயர் சொல்லும் தேடல் செயலி. பொம்மைகள் மூர் மார்க்கெட்டிலும் தெரிந்தவர் வீடுகளிலும் வாங்கியவை. எதற்கும் பெட்டி இல்லை.

செயலி உடையையும் முடியையும் நன்றாக அடையாளம் காண்கிறது, முகத்தில் தடுமாறுகிறது. விழி நிறமும் உதட்டுச் சாயமும் மாறினால் ஒரே அச்சுக்கு வேறு பெயர் சொல்கிறது. கொசப்பேட்டையில் ஒரே அச்சில் எடுத்த கொலு பொம்மைகள் வண்ணம் ஏறியதும் வேறு ஆளாகத் தெரிவதில்லையா, அதுபோலத்தான்.

லென்ஸ் நிற்கும் இடம் வேறு. பின்முடியை ஒதுக்கினால் கழுத்தோரத்தில் மெல்லிய பொறிப்பு இருக்கும். 1976 என்றால் சூப்பர்ஸ்டார் அச்சு. 1977இல் வந்த, பல் தெரியச் சிரிக்கும் அகன்ற முகம் அது. 1971 என்றால் ஸ்டெஃபி; 1988இல் அறிமுகமான தெரேசாவுக்கும் தொடக்கத்தில் இந்த முகம்தான். 1991 என்றால் மேக்கி, ஆடை வடிவமைப்பாளர் பாப் மேக்கியின் பெயர் பெற்ற ஒடுங்கிய முகம். 1998 என்றால் ஜெனரேஷன் கேர்ள்.

இந்த ஆண்டுகள் அச்சின் உரிமை ஆண்டுகள், பொம்மை செய்த ஆண்டுகள் அல்ல. முதுகுக்குக் கீழே இருக்கும் 1966ம் அப்படித்தான். அது திரும்பும் இடுப்புடைய உடலுக்குரியது, பல பத்தாண்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. 1990களில் லியோ மேட்டல் நம் நாட்டில் செய்த பொம்மையைக்கூட இதைக் காட்டி 'அறுபதுகளின் சரக்கு' என்று விற்பவர் விலை ஏற்றலாம். கழுத்தையும் முதுகையும் செய்த நாட்டின் பெயரையும் சேர்த்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

வெளிச்சம்தான் பாதி வேலை. ட்யூப்லைட் நேராக விழுந்தால் பொறிப்பு மறைந்துவிடும். இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் எழுத்து எழும்பி நிற்கும். அதே வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தால் சாயத்துக்கு அடியில் மூக்கின் நுனியும் உதட்டு வரம்பும் தெரியும். அசல் பொம்மையிலிருந்து அச்செடுத்த போலிகளில் இந்த விளிம்புகள் மழுங்கியிருக்கும், தலையும் சற்றுச் சிறுத்திருக்கும்.

குறைகளும் உண்டு. லென்ஸைப் பொம்மைக்கு மிக அருகில் கொண்டுபோனால்தான் படம் தெளியும். கை சிறிது ஆடினாலும் கலங்கும். போனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்துவிட்டுப் பொம்மையை நகர்த்துவது நல்லது. தடித்த கவரைக் கழற்ற வேண்டும், பல கேமரா உள்ள போனில் முதன்மைக் கேமராவின்மேல் சரியாக உட்கார வேண்டும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த லென்ஸைத் தயங்காமல் வாங்கலாம். செயலியை உடைக்கும் முடிக்கும் மட்டும் நம்புங்கள். வாங்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் முகம், கழுத்து, முதுகு மூன்றையும் படமெடுத்து ஓரிடத்தில் சேமியுங்கள். அடுத்த பொம்மையை ஒப்பிட அதைவிட நம்பகமான அகராதி கிடையாது.