தடித்த எழுத்து

கவிதையின் உருவம் பற்றி இத்தனை பேசிய நாம், அது கண்ணில் படும் ரூபத்தை, அதாவது அச்செழுத்தை, அச்சகத்துக்காரர் விஷயம் என்று விட்டுவிட்டோம். மதுரையில் சுவர் பார்த்து நடக்கிறவனால் அப்படி விட முடியாது. காதணி விழா, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே தடித்த எழுத்து.

இதன் ஐரோப்பிய வம்சம் தெரிந்ததுதான். பார்மா நகரில் போடோனி வெட்டிய எழுத்துக்களில் குத்துக்கோடு தடிப்பு, குறுக்குக்கோடு மயிரிழை. அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1818இல், மனைவி வெளியிட்ட மாதிரி நூல் வெள்ளைத்தாளின் விஸ்தாரத்தை நம்பிய காரியம். லண்டன்காரர்களோ அந்தப் பாணியைப் பருக்கவைத்து லாட்டரி விளம்பரத்தில் ஏற்றியிருந்தார்கள். 1929இல் அமெரிக்காவில் கிரிஃபித் வரைந்த ‘போஸ்டர் போடோனி’ இந்தப் பருத்த கிளையைச் சேர்ந்தது.

அங்கே தடிப்பும் மெலிவும் பேனாவிலிருந்து வந்தவை. கூர்முனை அழுத்தினால் விரியும், விட்டால் மெலியும். எழுத்தாணி அப்படியல்ல, அது ஓலையைக் கீறுகிறது, கோடு ஏறக்குறைய ஒரே கனம். ஆகவே தமிழ் அச்செழுத்தின் இந்தத் தடிப்பு-மெலிவு இரவல். இரவல் என்பதால் குற்றமில்லை. காற்புள்ளியும் இரவல்தான், நாவலும்தான். இரவல் நம் எழுத்தை என்ன செய்கிறது என்பதே பிரச்னை.

ண மூன்று சுழி, ன இரண்டு சுழி. தடிப்பு ஏற ஏறச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை சுருங்கும். மட்டக் காகிதத்தில் மை பரவினால் அதுவும் போகும். பிறகு மனமா மணமா என்று வாசகன் வாக்கியத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான். மயிரிழையின் கதி வேறு. ரோமன் எழுத்தில் அது போய் முடிகிற இடத்தில் ஒரு சிறு பாதம் தாங்கும். நம் வளைவுகளுக்குப் பாதம் கிடையாது. தேய்ந்த ஈய எழுத்தில் முதலில் உடைந்தது அந்த மெல்லிய கோடுதான்.

பெரிய அளவில் இந்தச் சங்கடம் இல்லை, சுழி மூச்சுவிடும். 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி தடித்த தலைப்புகளால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனையும் வாசகனாக்கியது. இதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துப் படிக்க அந்த எழுத்துதான் வேண்டும்.

ஆனால் அதே எழுத்தில் கவிதையை அச்சிடும்போது ஒவ்வொரு வரியும் அறிவிப்பாகிவிடுகிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே கவிஞன் விட்ட மௌனத்தை மை மூடிவிடுகிறது. கோஷமாக எழுதப்பட்ட கவிதை இதில் கச்சிதமாகப் பொருந்தும். அந்தக் கவிதைமேல் வேறு விமர்சனம் தேவையில்லை.

இன்று ஈயம் போய்விட்டது. ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ மெலிவிலிருந்து கனம் வரை பல படிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் ஃப்ளெக்ஸ் பானருக்கு எழுத்தை அகலவாக்கில் இழுத்துவிடுகிறார்கள். குத்துக்கோடு பருக்கிறது, குறுக்குக்கோடு இருந்தபடியே நிற்கிறது. போடோனியைக் கேள்விப்படாமலே ஒரு போடோனி. மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் நசுங்கி முட்டையாகிறது. ‘கண்ணீர் அஞ்சலி’யில் அப்படி மூன்று முட்டைகள்.