விதியும் தெரிவும்: சிக்குக் கோலமும் ரோக்லைக் ஆட்டங்களும்

புள்ளி வைத்து, அதைச் சுற்றிக் கம்பி இழுக்கும் சிக்குக் கோலத்தைக் கணினி விளையாட்டின் செயல்முறைவழி உருவாக்கத்திற்கு முன்னோடி என்று கூறுவது எளிது; பெருமையும் தருவது. அவ்வொப்பீடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதே ஆராயத்தக்கது.

1980ஆம் ஆண்டளவில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் ஆகியோர் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய ‘ரோக்’ எனும் ஆட்டம் திரையை மூன்றுக்கு மூன்று கட்டங்களாகப் பகுத்து, அவற்றில் அறைகளைத் தற்செயலாக அமைத்து, வழிகளால் இணைத்தது. ஆடுபவர் இறந்தால் அவ்வுலகமும் அழியும். மறுமுறை வேறோர் உலகம் பிறக்கும். இதன் வழிவந்தவையே ரோக்லைக் ஆட்டங்கள். 2008இல் பெர்லினில் கூடிய உருவாக்குநர் மாநாடு இவ்வகைக்கு ஓர் இலக்கணம் வகுக்க முயன்றது. ‘பெர்லின் விளக்கம்’ எனப்படும் அவ்வரையறை இன்றும் வாதத்திற்குரியதாகவே உள்ளது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்னும் மரபில் பயின்றோர்க்கு அதில் வியப்பில்லை. 2016இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘ரோக்லைக் செலிப்ரேஷன்’ கூடுகை அவ்வாதத்தைத் தாண்டி, உருவாக்கும் நெறிகளையே பேசுபொருளாக்கியது.

ரோக் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1974இல், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோலங்களைப் பிறப்பிக்கும் இலக்கணங்களை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். எழுத்துத் தொடரை விடுத்து இருபரிமாண வரிசையைப் பிறப்பிப்பவை அவ்விலக்கணங்கள். கோலத்தை அழகுப்பொருளாக மட்டும் காணாமல் விதிகளின் விளைவாகக் கண்டது அப்பணியின் பெருந்துணிவு. விளையாட்டுத் துறையின் வரலாறு பேசுவோர் இதனை முன்வைப்பது அரிது. தமிழாய்வுலகமும் கணினியியலாரின் பணி என ஒதுக்கிவிடுகிறது.

எனினும், விதி மட்டும் கோலமாகிவிடாது. ஒன்பது புள்ளிகளை மூன்று வரிசையாக இடுக. அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே பன்னிரண்டு இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் கம்பி குறுக்கே கடக்கலாம், அல்லது திரும்பிப் பிரியலாம். ஆகவே மொத்தம் 4096 வடிவங்கள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு புள்ளியும் சூழப்படும். எந்தக் கம்பியும் முடியாமல் தொங்காது. கணினி எப்படிக் காசு சுண்டினாலும் விதி பிழைக்காது. ஆனால் ஒரேயிடத்தும் கடக்காமல் பிரித்தால் கிடைப்பவை ஒன்பது தனி வட்டங்கள். அதைக் கோலம் என்று யார் ஏற்பர்? கால்திருப்பம் திருப்பினும் மாறாதவை வேண்டுமென்றால் 4096இல் எட்டே எஞ்சும். ஐந்துக்கு ஐந்தாகப் புள்ளி வைத்தாலோ, மொத்த வடிவங்கள் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். இவ்வளவு பெரிய பரப்பில் கை எதைத் தேர்கிறது என்பதே கலை; விதி அதற்கு வாசலைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே.

ரோக்லைக் ஆட்டத்தில் பிறப்பிப்பது நிரல், எதிர்கொள்வது ஆடுபவர். கோலத்தில் இரண்டும் ஒருவரே. விரல் இடைவெளியில் மாவு விழுகையிலேயே அடுத்த திருப்பம் முடிவாகிறது. கோலமிடும் பெண்ணை அறியாமலே நெறிமுறையைச் சுமந்துவந்தவர் எனக் கூறும் எழுத்து அவரது தெரிவைப் பறித்து விதிக்குக் கொடுத்துவிடுகிறது. ஆய்வுகளிலும் வடிவத்திற்குப் பெயர் இருக்கும், இட்டவருக்கு இராது.

அழிவு பற்றிய ஒப்பும் பாதியளவே பொருந்தும். வாசற்கோலம் காலடியில் தேய, மறுநாள் விடியலில் புதிது பிறப்பது உண்மை. ஆனால் காரைக்குடி வட்டார நகரத்தார் இல்லங்களில் மங்கல நாட்களில் ஈரமாவால் இடப்படும் நடுவீட்டுக் கோலம் சிக்குக் கோல விதிகளுக்குள் அடங்குவதன்று. உலர்ந்த பின் தரையைப் பற்றி நிற்கும் அது அன்றே மறைவதுமில்லை. அதில் எதிர்பார்க்கப்படுவது புதுமையன்று; முன்னவர் இட்டவாறே இடும் செம்மை. திரும்பத் திரும்ப ஒன்றையே பிறப்பிக்கும் இவ்வொழுங்கிற்குத் தற்செயலைப் போற்றும் ரோக்லைக் கோட்பாட்டில் இடமில்லை. கம்பிக்கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கோலமரபு முழுவதற்கும் பேசும் ஆய்வுகள் தொடங்க வேண்டிய இடம் இந்த நடுவீடு.