சிராப்பள்ளிக் குன்றமும் நிலக்காட்சி ஓவியமும்

தமிழகத்து ஓவியத்தில் நிலக்காட்சி என்பதொன்று ஐரோப்பியர் வரவுக்குமுன் இருந்ததில்லை என்பாரும், திணைக் கோட்பாடு கண்ட மொழிக்கு அது புதியதன்று என்பாரும் ஆக இருசாரார் உளர். இவ்விரு கூற்றும் ஆராயாது சொல்லப்படுவன என்பது எம் கருத்து. முன்னவர் ஓவியத்தைத் துணியும் சட்டமும் இட்ட படம் என்றே கொண்டனர். பின்னவர் திணை என்னும் சொல்லை எதற்கும் பொருந்தும் திறவுகோலாக்கிவிட்டனர். பொதுவாகப் பேசுதலினும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அதனைப் பல காலத்துக் கலைஞர் எங்ஙனம் கண்டனர் என நோக்குதல் பயன் தரும். அதற்குச் சிராப்பள்ளிக் குன்றினும் ஏற்றதோர் இடத்தை யாம் அறியோம்.

குன்றின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். வடக்கே காவிரி, அதற்கப்பால் ஆற்றிடைக்குறையாகிய திருவரங்கம், மேற்கே உறையூரும் புத்தூரும். சமவெளியில் தனித்து நிற்றலின், எத்திசையினின்று வருவார்க்கும் இக்குன்றே முதற்கண் தோன்றும்.

குன்றின் மேற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் குடைவித்த கோயில் உள்ளது. அதன் மேற்குச் சுவரிற் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் புடைப்புச் சிற்பம் அமைந்துள்ளது. கை சடையின் ஒரு புரியைப் பற்றியிருக்க, கங்கை சிறியதொரு பெண்ணுருவாய்க் கைகூப்பி இறங்குகின்றாள். இதன் இருமருங்கும் உள்ள தூண்களில் வடமொழிச் செய்யுட்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தரையிற் கட்டிய கோயிலில் இருந்துகொண்டு சோழர்தம் வளநாட்டையும் காவிரியையும் யாம் காண்பது எங்ஙனம் என இறைவன் வினவினான் என்றும், அதுகேட்ட மன்னன் வானளாவும் இம்மலையில் இடம் அமைத்தான் என்றும் ஒரு செய்யுள் கூறுகின்றது. யாறுகளை விரும்பும் கணவன் காவிரியைக் கண்டு மயங்குவனோ என அஞ்சிய மலைமகள், தந்தையின் மலையை விடுத்து இங்கே வந்துறைகின்றாள் என்றும், இந்நதி பல்லவனின் காதலி என்று அவள் ஓயாது சொல்கின்றாள் என்றும் மற்றொன்று கூறுகின்றது.

வடமொழியில் அமைந்தது என்பதனாலேயே தமிழ்த்துறையினர் இச்செய்யுட்களைக் கல்வெட்டாராய்ச்சியாளர்க்கு விட்டுவிட்டனர். இது பெரும் பிழை. ஒரு கலைப்படைப்பு ஏன் இந்த இடத்தில் இருத்தல் வேண்டும் என்னும் வினாவை அப்படைப்பே எழுப்பி, நிலத்தைக் காண்டற்பொருட்டு என்று விடையும் இறுத்தல் நம் நாட்டில் அரிது. சிற்பத்தில் யாறு இல்லை, வயல் இல்லை, காணும் ஒருவனே உளன். காட்சியைத் தீட்டாது காண்பானைச் செதுக்கிய கலை இது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. இக்குடைவரையின் முகப்புத் தெற்கு நோக்கியது; காவிரியோ குன்றுக்கு வடக்கே ஓடுவது. சிற்பம் கிழக்குப் பார்த்தது. எனவே அங்கு நின்ற இறைவன் கல்வெட்டுச் சொல்லும் யாற்றைக் கண்ணாற் காண்பதற்கில்லை. புலவன் இதனை அறியாதவன் அல்லன். காட்சி என்று அவன் கூறியது இடத்தின்மேல் உள்ள உரிமையை. சோழர் யாறு பல்லவனின் காதலியாகிவிட்டது என்னும் அரசியற் செய்தியை அவன் ஊடற்சுவையில் தோய்த்துத் தந்தான். இடப்பற்று என நாம் எளிதாகப் போற்றும் உணர்வினுள் வென்றவன் குரலும் கலந்திருத்தல் கூடும் என்பதை இக்குன்றின் முதற் கலைப்படைப்பே நமக்குக் காட்டுகின்றது.

இனி 1792ஆம் ஆண்டுக்கு வருவோம். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த அவ்வாண்டில் தாமசு டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் சென்னையினின்று புறப்பட்டுத் தென்னாடு முழுதும் சுற்றினர். முன்னவர் சிறிய தந்தையோ பெரிய தந்தையோ என ஐயுறச் சிலர் எழுதுவர். உடன்பிறந்தான் மகனை அழைத்து வந்தவர் என்று கொள்வதே நம் ஆராய்ச்சிக்குப் போதும். அவர்கள் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என வெளியிட்ட 144 படங்களுள் சிராப்பள்ளிக்கு உரியன சில உள. செப்புத்தகட்டில் அமிலம் கொண்டு பொறித்து அச்சிட்டு, பின் கையால் வண்ணம் தீட்டியவை அவை. காவிரியினின்று கண்ட குன்றம், கோட்டையின் உள்ளே கண்ட காட்சி, தென்கிழக்கினின்று கண்ட நகர் என அவற்றின் தலைப்புகளே ஓவியர் நின்ற இடத்தைச் சொல்கின்றன.

இத்தலைப்புமுறை சிறிய செய்தியன்று. மகேந்திரனின் புலவன் இறைவன் எங்கிருந்து காண்கின்றான் என்றான். டேனியல்கள் தாம் எங்கிருந்து கண்டனர் என்கின்றனர். இங்குக் காண்பான் படத்தினின்று வெளியேறிவிட்டான். அவன் நின்ற இடத்தில் நாம் நிற்கின்றோம். இதுவே நிலக்காட்சி ஓவியத்தின் இயல்பு; நமக்குப் புதிதாக வந்ததும் இதுவே. அவர்தம் வரைவின் துல்லியத்தைக் குறைத்து மதிப்பிடல் முறையன்று. 19ஆம் நூற்றாண்டில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டு, வாயில் ஒன்றே எஞ்சி 'மெயின்கார்டு கேட்' என்று வழங்கும் இந்நாளில், பழைய நகரின் தோற்றத்தை அறிய விழைவார் அப்படங்களையும் 1858இல் லின்னேயசு டிரைப் எடுத்த ஒளிப்படங்களையுமே நாடவேண்டியுள்ளது.

அதே நகரில், 19ஆம் நூற்றாண்டில், நம் ஓவியர் என்ன தீட்டினர்? இவ்வினாவே எம்மை மிகவும் வருத்துவது. காக்கைப்பொன் என்னும் அப்பிரகத் தகட்டின்மேல் வண்ணம் தீட்டுவதிற் சிராப்பள்ளி பெயர் பெற்றிருந்தது. நெசவாளர், குயவர், பாம்பாட்டி, இசைவாணர், தெய்வ உருவங்கள் எனத் தொகுதி தொகுதியாக எழுதி, கும்பினி அலுவலர்க்கும் பயணிகட்கும் விற்றனர். முகம் மட்டும் எழுதிய அட்டையின்மேல், முகப்பகுதியைத் திறந்துவிட்டு உடைகள் மட்டும் தீட்டிய தெளிந்த தகடுகளை மாற்றி மாற்றி வைத்து ஒரே முகத்தைப் பலராக்கும் விளையாட்டு வகையும் உண்டு. வண்ணத்தின் ஒளியும் கைத்திறனும் ஐயமின்றிச் சிறந்தவை. ஆயின் குன்றின் நிழலில் வாழ்ந்த ஓவியர் எழுதிய இவ்வுருவங்களிற் பெரும்பாலனவற்றின் பின்னே குன்று இல்லை, யாறும் இல்லை. காலடியிற் சிறிது தரை உண்டு. அது எந்த ஊர்த் தரையாகவும் இருக்கலாம்.

இதனைத் திறமைக் குறைவு என்பார் கூற்றை யாம் ஏலோம். வாங்குவோன் வேண்டியது மக்கள் வகையின் பட்டியல். ஊர் அவனுக்கு வேண்டா. தகடோ மெல்லியது, சிறியது. ஒளி ஊடுருவும் அதன் தன்மையே வெற்றுவெளியை விரும்புவது. பொருளும் சந்தையும் சேர்ந்து நிலத்தை நீக்கிவிட்டன. திணைமரபு உடைய நாட்டில் இது எவ்வாறு நிகழ்ந்தது என வினவலாம். முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் நீங்க, கருப்பொருளுள் மாக்களும் தொழிலும் மட்டும் எஞ்சிய நிலை இது என்று எம் மாணவர் ஒருவர் விளக்கினார். கூற்று அழகியதே, எனினும் உரிப்பொருள் எங்கே என்றதும் அவர் வாளா இருந்தார். திணை என்பது அகவொழுக்கத்திற்கு நிலத்தைத் துணையாக்கும் செய்யுள்நெறி. அதனை ஓவியப் பட்டியலுக்கு ஏற்றினால் தொல்காப்பியமும் விளங்காது, ஓவியமும் விளங்காது.

அண்மைக் காலத்தவருள் கே. எம். ஆதிமூலத்தை (1938-2008) இங்குக் கருதல் வேண்டும். சிராப்பள்ளி மாவட்டத்துக் கீரம்பூரிற் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்றவர். கோட்டோவியங்களால், சிறப்பாகக் காந்தியடிகள் வரிசையால் பெயர் பெற்ற அவர், பின்னாளில் வண்ணத்திற்குத் திரும்பித் தீட்டிய அருவ நிலக்காட்சிகளில் இன்ன ஊர் என்று காட்டும் கோபுரமோ குன்றமோ இல்லை. வண்ணப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய், உழுத நிலத்தின் அடுக்குகள்போற் கிடக்கின்றன. அப்பிரக ஓவியத்திலும் ஊர் இல்லை, இவற்றிலும் இல்லை. எனினும் இரண்டும் ஒன்றல்ல. அங்கு நிலம் வேண்டப்படாமையின் நீங்கியது. இங்கு நிலம் ஒன்றே எஞ்சியது, பெயர் மட்டும் உதிர்ந்தது. இவற்றை முல்லை என்றும் பாலை என்றும் பெயரிட்டு மகிழும் திறனாய்வு எமக்கு உடன்பாடன்று. வளர்ந்த மண்ணின் நினைவு இவற்றில் உண்டு என்ற அளவில் நிற்றலே நேர்மை.

மேலே குறித்த டேனியல் படங்கள் மூன்றனுள் மேற்றிசைப் பார்வை இல்லை. புத்தூரில் உய்யக்கொண்டான் வாய்க்காற் கரையினின்று வடகிழக்கே நோக்குவார்க்குக் கட்டடங்களின் இடைவெளியிற் குன்று இன்றும் அகப்படுகின்றது. கோட்டைக்கும் மன்னர்க்கும் உரிய முகமன்று அது. பேட்டைவாய்த்தலையிற் காவிரியைப் பிரிந்து வரும் நீரை எதிர்நோக்கிய உழவர் நாள்தோறும் கண்ட முகம். திருவரங்கத்துத் தெற்கு இராசகோபுரமோ 1987இல்தான் நிறைவெய்தியது. டேனியல்களும் டிரைப்பும் கண்டது அடிநிலையளவில் நின்ற மொட்டைக் கோபுரம். ஆகவே குன்றின் உச்சியில் ஏறி வடக்கே நோக்கும் இன்றைய மாணவர் காணும் வானவிளிம்பு அவர்கள் கண்டதன்று. படங்களைக் கையிற் கொண்டு, அவர் நின்ற இடங்களில் மீண்டும் நின்று, இன்றுள்ளதை வரைந்து ஒப்பிடும் பணி நம் துறை மாணவர் செய்தற்குரியது. அப்பணியைப் புத்தூர்க் கரையினின்று தொடங்குமாறு யாம் பரிந்துரைப்போம்.