சிலம்பும் இரண்டு வாசகர்களும்

“அவரவர் வாழ்க்கை, அவரவர் வாசிப்பு” என்று சொல்லி விவாதத்தை முடித்துக்கொள்வதைப் பெருந்தன்மை என்கிறோம். எனக்கு அது சோம்பலாகவே படுகிறது. ஒரு வாசிப்பு எங்கிருந்து பிறந்தது என்பது ஒரு கேள்வி. அது பிரதியின் முன் நிற்குமா என்பது வேறு கேள்வி.

சிலப்பதிகாரத்தின் இரண்டு வாசகர்களை வைத்து இதைப் பார்க்கலாம். ம.பொ.சி. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். சிறையில் சிலப்பதிகாரத்தை ஆழ்ந்து கற்றார். 1946இல் தமிழரசுக் கழகம் கண்டு, பின்னர் சென்னைக்காகவும் திருத்தணிக்காகவும் போராடியவர், அந்தக் காப்பியத்தில் தமிழகத்தின் ஒற்றுமையைக் கண்டதில் வியப்பில்லை. ஆதாரமும் உண்டு. புகார், மதுரை, வஞ்சி என மூன்று தலைநகரங்களே காண்டங்களின் பெயர்கள். கதை மூவேந்தருக்கும் உரியது என்கிறது பதிகம். ஆனால் நடுகற் காதையில் இந்த வாசிப்பு இடறுகிறது. சேரன் செங்குட்டுவனின் வடதிசை வெற்றியைச் சோழனும் பாண்டியனும் இகழ்ந்த செய்தி வருகிறது. சேரன் கொதிக்கிறான், அந்தணன் மாடலன் குறுக்கிட்டுத் தணிக்க வேண்டியிருக்கிறது. ஒற்றுமை இளங்கோவின் விருப்பமாக இருக்கலாம். அவர் காட்டும் மன்னர்களிடம் அது இல்லை.

பெரியாருக்கோ சிலம்பு பெண்ணடிமையைப் போற்றும் நூல். சிறு வயதிலேயே கணவனை இழந்த தங்கை மகளுக்கு, வீட்டாரின் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தவர் அவர். 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்ட இயக்கத்தின் தலைவர். இந்தக் கோபத்தை வெறும் கட்சிப் பேச்சு என்று தள்ளும் புலவர்கள் மதுரைக் காண்டத்தை மறுபடி படிக்க வேண்டும். பரத்தையிடம் போய்த் திரும்பிய கணவனுக்குச் சிலம்பைக் கழற்றித் தருபவளே அங்கே தெய்வமாகிறாள். ஊரை எரிக்கும்போதும் அந்தணரை விட்டுவிடச் சொல்கிறாள். பெரியார் இல்லாததைச் சொல்லவில்லை.

அவர் விட்டது வழக்குரை காதையை. அங்கே பாண்டியனை வீழ்த்துவது கற்பு அன்று, சான்று. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. அரசவையில் தனியாக நின்று மன்னனைக் குற்றவாளியாக்கிய பெண்ணை அடிமைக்கு இலக்கணம் என்று மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது.

இருவருக்கும் வாழ்க்கை ஒரு பக்கத்தைத் துலக்கி மறுபக்கத்தை மறைத்தது. ஆனாலும் இருவரும் சமம் அல்லர். ம.பொ.சி.யின் வாசிப்பை நூலே மறுக்கிறது. பெரியாரின் வாசிப்பை நூல் மறுக்கவில்லை, முழுமையில்லை என்று மட்டுமே சொல்கிறது. சிலம்பின் வாசகராகப் பெரியாருக்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.